பெட்டிசத்தில் ஏறிய ஏழாவது வேலி

போன சனிக்கிழமை மொன்றியல் லாசாலில் தமிழ்க் கடை ஒன்றில் ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் இரண்டு கட்டு வல்லாரை. முகத்தில் ஒரு தீர்மானம்.

“அண்ணை, நீங்கள்தானே கிழமைக்குக் கிழமை பத்தி எழுதிற ஆள்? எனக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தரவேணும். பிரெஞ்சிலை.”

விஷயம் இதுதான். குளிர்காலத்தில் காரைப் பனியிலிருந்து காப்பாற்ற வீட்டு முன்றிலில் வெள்ளைக் கூடாரம் அடிப்போமே, இங்கே டெம்போ என்று சொல்வது — அதை வசந்தம் வந்ததும் கழற்றிவிட வேண்டும். விதி அப்படி. இவர் கழற்றுவதற்குப் பத்து நாள் பிந்தியிருக்கிறார். உடனே கடிதம் வந்துவிட்டது. நான்கு வீடு தள்ளி இருப்பவர் கழற்றவே இல்லையாம். கோடை முழுவதும் அப்படியே நின்று, இப்போது அடுத்த பனிக்கும் தயாராக இருக்கிறதாம். எந்த ஊர் நகரசபை என்று கேட்காதீர்கள். எனக்கு வம்பு வேண்டாம்.

“அப்ப சட்டம் எனக்கு மட்டுமோ அண்ணை?”

நியாயமான கேள்வி. ஆறு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால், கீரைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே பேனாவை எடுத்திருப்பேன். இந்த முறை “கண் சரியில்லை, டாக்டர் எழுத வேண்டாம் எண்டவர்” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, வாங்க வந்த மிளகாய்த் தூளையும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பெட்டிசம் என்றால் மேலிடத்துக்கு எழுதும் முறைப்பாடு. பெயர் போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். போடாததுதான் ருசி. யாழ்ப்பாணத்தார் தேசம் விட்டுத் தேசம் போனபோது கொண்டுபோன சாமான்களில் உரலும் அம்மியும் பாதி வழியில் விடுபட்டன. பெட்டிசம் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

அந்தக் கலையில் நான் கொஞ்சம் பேர் எடுத்தவன். முப்பது வருடமாக மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் கடதாசி வேலை. பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் “தங்கள் மேலான கவனத்துக்கு” என்று தொடங்கி “தாழ்மையுடன்” என்று முடிக்கத் தெரியும். வீட்டுச் சொந்தக்காரர் ஹீட்டர் போடவில்லையா? பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறதா? என்னிடம்தான் வருவார்கள். நானும் தேநீர் ஒன்றுக்கு எழுதிக் கொடுப்பேன். எழுதி முடித்து ஒருமுறை உரக்க வாசிக்கும்போது ஒரு சுகம் வரும் பாருங்கள்... அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

அந்தச் சுகம்தான் இந்த வருடம் என் மைத்துனனின் தோட்டத்தைத் தின்றது.

மைத்துனன் என்றால் என் மனைவி சாந்தியின் தம்பி, நேசன். பாரிஸில் பதினெட்டு வருடம் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, முதுகை உடைத்துக்கொண்டவன். ஒருநாள் திடீரென்று மனைவி கௌரியையும் கூட்டிக்கொண்டு பிரான்ஸின் கிழக்கு எல்லைப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனான். அங்கே ஒரு வயோதிபப் பிரெஞ்சு அம்மாவிடம், மதாம் என்றுதான் அவன் சொல்வான், ஒரு துண்டு நிலம் பிடித்தான். பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் கத்தரி, பயற்றை, பாகல். வெள்ளிக்கிழமைகளில் வான் வண்டியில் ஏற்றிப் பாரிஸ் தமிழ்க் கடைகளுக்குக் கொண்டுபோவான். “இப்பதான் அத்தான் எனக்கு நித்திரை வருது” என்று ஒருமுறை போனில் சொன்னான்.

நிலம் அவனுக்கு வருடத்துக்கு வருடம்தான். தற்காலிக உடன்பாடு. ஆனால் இந்த இலையுதிர்காலத்தில் ஒன்பது வருடக் குத்தகைக்கு முறைப்படி எழுதித் தருவதாக மதாம் வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்பது வருடம் கையில் இருந்தால் கண்ணாடிக் கூடாரம் போடலாம், கிணறு வெட்டலாம். அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கையெழுத்துத்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். மே மாதக் கடைசியில் மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் ஒரு மண்டபத்தில் என் மூத்த மகளின் கல்யாணம். தாய்மாமன் வராமல் கல்யாணமா? நேசன் வந்தான். பயிருக்குத் தண்ணீர் விட கௌரி ஊரில் நின்றுவிட்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள், வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் வாழை மரங்களை மண்டப வாசலில் நாங்கள் நிறுத்திக்கொண்டிருந்தபோது அவனுடைய போனில் ஒரு படம் வந்தது. கௌரி அனுப்பியது. விவசாயக் கந்தோரிலிருந்து, அதாவது அரசாங்க அலுவலகத்திலிருந்து, வந்த கடிதம். நேசன் வாசித்தான். வாழை மரத்தை அப்படியே நிலத்தில் படுக்க வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குந்திவிட்டான்.

“அத்தான், வேலி வெட்டினது பிழையாம்.”

வேலி என்றால் உயிர்வேலி. அவனுடைய தோட்டத்துக்கும் தெருவுக்கும் நடுவே நாற்பது மீற்றர் முட்செடி. ஐரோப்பிய ஒன்றியம் பிரசெல்ஸில் போட்ட ஒரு விதி இருக்கிறது: மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை விவசாயிகள் உயிர்வேலியில் கத்தி வைக்கக்கூடாது. பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். நல்ல விதிதான். பறவைகள்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

நேசனுக்கு இந்த விதி தெரியாதா? தெரியும். பிறகு ஏன் வெட்டினான்?

இங்கேதான் நம்மவரின் விசேஷம். தையில் வெட்டியிருக்கலாம், குளிர் என்று விட்டான். மாசியில் வெட்டியிருக்கலாம், பஞ்சாங்கத்தில் கத்தி வைக்கும் நாள் அவனுடைய நட்சத்திரத்துக்குப் பொருந்தவில்லை. பிறகு, எப்படியும் சித்திரை பிறக்கட்டும், நாள்வேலையோடு சேர்த்துச் செய்வோம் என்று இருந்துவிட்டான். வருடப் பிறப்பன்று சுபநேரம் பார்த்து, வேட்டி கட்டி, கற்பூரம் கொளுத்தி, மண்வெட்டியால் மூன்று கொத்து. பிறகு வேலியில் கத்தி. எல்லாம் முறைப்படி, கிழக்குப் பார்த்து நின்று. பிரசெல்ஸ்காரருடைய கலண்டரில் தடைக்காலம் தொடங்கி அப்போது சரியாக ஒரு மாதம்.

“ஒரு குருவிக் கூடும் இருக்கேல்லை அத்தான். கையை விட்டுத் துழாவிப் பாத்திட்டுத்தான் வெட்டினனான்.”

“ஆர் கண்டது?”

“தெருவாலை கந்தோர்க் கார் போயிருக்கு.”

அவனுக்கு அபராதம் கூடப் பெரிதாகத் தெரியவில்லை. மதாம் என்ன சொல்வாரோ என்பதுதான் பயம். கரும்புள்ளி விழுந்தவனுக்கு ஒன்பது வருடம் எழுதித் தருவாரா? மண்டபத்தின் பின்பக்கம் போய் நின்று அவருக்குப் போன் எடுத்தான். நான் பக்கத்தில் நின்றேன். அவனுடைய பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. மறுபக்கத்தில் மதாம் சிரிப்பது எனக்கே கேட்டது.

“என்னவாம்?”

“தன்ரை மனுசனுக்கும் ஒருக்கா உப்பிடி வந்ததாம். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினால் முடிஞ்சுதாம். ஒக்டோபரிலை கையெழுத்து வைப்பம், கல்யாணத்தைச் சந்தோஷமாய் நடத்து எண்டு சொல்லுறா.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பிரச்சினை முடிந்துவிட்டது. மதாம் மன்னித்தாயிற்று. கந்தோருக்கு நாலு வரி மன்னிப்பு எழுதினோம், அவர்களும் பிறகு “எச்சரிக்கை” என்ற ஒற்றைச் சொல்லோடு கோப்பை மூடிவிட்டார்கள். இதற்குப் பிறகு நாங்கள் இருவரும் வாயையும் பேனாவையும் மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தப் பத்தியில் நான் வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

இருந்தோமா?

கல்யாணம் முடிந்த மறுநாள். குசினி மேசையில் மிஞ்சிய பலகாரம். நேசன் ஒரு அரியதரத்தை எடுத்துக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்:

“எனக்கு மட்டும் ஏன் எண்டுதான் அத்தான் விளங்கேல்லை. எனக்கு அங்காலை ஒரு பெரியவர் இருக்கிறார். ஊரிலை பாதிக் காணி அவரின்ரைதான். மே மாதம் மெஷின் கொண்டந்து மூண்டு வேலியை மொட்டையடிச்சவர். கந்தோர்க் கார் அந்தப் பக்கம் போறேல்லை.”

“ஏன்?”

“தார் ரோட்டு முடிஞ்சிடும். பிறகு சேறு.”

எனக்கு இது உடனே விளங்கியது. எங்கள் கிடங்கில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். மாதம் ஒருமுறை பளபளக்கும் சப்பாத்தோடு வருவார். முதலாம் வாசலைப் பார்ப்பார், இரண்டாம் வாசலைப் பார்ப்பார், பிறகு கோப்பி குடிக்கப் போய்விடுவார். ஆகவே எங்கள் முதலாம் வாசல் கோவில் வாசல் மாதிரி இருக்கும். பதினோராம் வாசலில் என்ன நடக்கிறது என்பது அங்கே வேலை செய்கிறவனுக்கும் அவனுடைய காயங்களுக்கும்தான் தெரியும்.

“அது மட்டுமே?” நேசனுக்குச் சூடு ஏறிவிட்டது. “காணிக்குப் பின்னாலை ஆறு. ஆத்துக்கு அங்காலை வேறை நாடு. அவைக்கும் உதே பிரசெல்ஸ் சட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவங்கள் வேலி வெட்டிற சத்தம் எங்கடை வீட்டுக்குள்ளை கேக்கும். ஒரு நாளும் ஒரு கார் வந்து நிண்டதை நான் காணேல்லை.”

அந்த நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கேயும் எனக்கு இரண்டு வாசகர்கள் இருப்பதாகக் கேள்வி.

பாருங்கள், பிரசெல்ஸில் ஒரு கட்டிடத்தில் ஒரு விதி பிறக்கிறது. பிறக்கும்போது எல்லாப் பிள்ளையையும் போல அழகாகத்தான் இருக்கிறது. இருபத்தேழு நாட்டுக்குப் பயணம் புறப்படுகிறது. ஒரு நாட்டில் பொலிஸ்காரனாகிறது. அடுத்த நாட்டில் அலுமாரியில் தூங்குகிறது. ஒரே நாட்டுக்குள்ளேயே, தார் போட்ட தெருவில் விழித்திருக்கிறது, சேற்றைக் கண்டதும் கொட்டாவி விடுகிறது. குருவிக்கு இதெல்லாம் தெரியுமா? எந்தப் பக்கத்து முட்செடியில் கூடு கட்டினால் அரசாங்கம் காவல் இருக்கும் என்று அதற்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

இதையெல்லாம் அன்று மேசையில் தட்டித் தட்டிப் பேசினேன். நேசன் தலையை ஆட்டினான். தலையாட்ட ஒரு ஆள் கிடைத்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

“பெட்டிசம் ஒண்டு போடுவம்,” என்றேன்.

சாந்தி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். “இஞ்சருங்கோ, அந்த மனுசிதான் ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டாவே. பேந்து ஏன் போய்ச் சுரண்டிறியள்?”

“இது நீதிக்கான விஷயம்,” என்றேன்.

“எனக்கு நீதி வேண்டாம். தம்பிக்குக் காணி வேணும்.”

நான் கொம்பியூட்டரைத் திறந்தேன்.

பெயர் போடுவதா, விடுவதா? நேசனுக்குப் பயம். நான் தைரியம் சொன்னேன்: பெயர் போட்டால் அது விண்ணப்பம், போடாவிட்டால்தான் பெட்டிசம். ‘அக்கறையுள்ள ஒரு குடிமகன்’ என்று முடித்தால் போதும். எந்த நாட்டுக் குடிமகன் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

முதலில் பெரியவரின் மூன்று வேலி. அந்த நாட்டில் காணி வரைபடம் இணையத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு இலக்கம், சொந்தக்காரரின் பெயர் மட்டும் இருக்காது. லாசாலில் குந்தியிருந்து, முறுக்குக் கடித்துக்கொண்டு, ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு கிராமத்தின் காணி இலக்கங்களைக் கட்டம் கட்டமாக எழுதினேன். எனக்கு என்னவோ ஒரு தளபதி போல இருந்தது.

எழுதி முடித்துப் பார்த்தால்... மூன்று வேலி. பார்க்க மெலிந்து போயிருந்தது. மூன்றோடு முடியும் பெட்டிசத்தைக் கந்தோரில் யார் மதிப்பான்? தனிப்பட்ட கோபம் என்று நினைத்துவிடுவான். ஏழு வேலியாவது வேண்டாமா?

“வேறை எங்கை வெட்டியிருக்கு? யோசி நேசன்.”

“மூண்டு காணும், போதும் அத்தான்.”

“காணாது. யோசி.”

பாவம், யோசித்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று, சும்மா அவர்களுக்கும் ஒரு சொரணை வரட்டும் என்று அதையும் போட்டோம். விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் ஒன்று. காட்டுப் பாதையில் ஒன்று. ஆறாயிற்று.

“மயானத்து வளைவிலை ஒண்டு வெட்டினது மாதிரிக் கிடந்தது. அது ஊராட்சிக் காணியாய் இருக்கவேணும்.”

“போடு,” என்றேன். இலக்கத்தைத் தேடி ஏழாவதாக எழுதினேன். கடைசியில் எனக்கு மிகவும் பிடித்த வரி: “ஒரே சட்டம் அனைவருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்தப்பட வேண்டும் என்பதைத் தாழ்மையுடன் வலியுறுத்துகிறேன்.” உரக்க வாசித்தேன். நேசன் கண் கலங்கினான். சாந்தி தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேசன் ஊர் திரும்பினான். பெட்டிசம் பாரிஸில் ஒரு தபால் பெட்டியில் விழுந்தது. கிராமத்திலிருந்து போடக்கூடாது என்ற புத்தியும் என்னுடையதுதான்.

ஜூலையில் போன் வந்தது. “அத்தான், வந்திட்டினம். ரெண்டு கார். அளக்கிற நாடா, கமரா எல்லாம் கொண்டு வந்திருக்கினம்.” அவனுடைய குரலில் கோவில் கொடியேற்றத்துக் குதூகலம். எனக்கும்தான். இந்த உலகத்தில் ஒரு கடிதத்துக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று அன்று வேலையில் மூன்று பேரிடம் சொன்னேன்.

ஆகஸ்டில் அடுத்த போன். இந்த முறை குதூகலம் இல்லை.

பெரியவரிடம் போயிருக்கிறார்கள். அவர் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைத்திருக்கிறார் — விதிகளை வாசிப்பது மட்டும்தான் அந்த ஆளின் வேலை. அந்த ஆள் ஒரு கோப்பைத் திறந்து மூன்று வேலிக்கும் மூன்று கடதாசி காட்டினாராம். ஒன்று மின்கம்பிக்கு இடைஞ்சல், ஒன்று நோய் பிடித்த செடி, மூன்றாவதற்கு என்னவோ, வாசித்த அதிகாரிக்கே விளங்கவில்லையாம். முத்திரை மட்டும் சரியாக இருந்ததாம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி, அது எங்கள் அதிகாரத்துக்குள் இல்லை என்று குறிப்பு. விளையாட்டுத் திடல் ஊராட்சியுடையது, ஊராட்சி விவசாயி அல்ல, ஆகவே விதி பொருந்தாது. காட்டுப் பாதையில் அன்று மழைச் சேறு.

மயானத்து வளைவு தார் ரோட்டில் இருந்தது. காரை வேலிக்கு ஒட்டினாற்போல நிறுத்தலாம். நாடா பிடித்து அளந்திருக்கிறார்கள். படம் எடுத்திருக்கிறார்கள். எல்லாப் பக்கத்தாலும் எடுத்திருக்கிறார்கள்.

“அது ஊராட்சிக் காணியில்லை அத்தான்,” என்றான் நேசன்.

“பின்னை ஆரின்ரை?”

“மதாமின்ரை.”

அவருக்கு அங்கே ஒரு புல்வெளி. எட்டுச் செம்மறி. அந்த வளைவில் முட்செடி வளர்ந்து எதிரே வரும் வாகனம் தெரியவில்லை என்று ஊரார் சொல்ல, மருமகனைக் கொண்டு மே மாதம் வெட்டுவித்திருக்கிறார். எண்பது வயது தாண்டியவர். வாழ்நாளில் ஒரு பொலிஸ்காரன் அவருடைய வாசலுக்கு வந்ததில்லை. இப்போது நான்கு பக்கக் கடிதம், படங்கள், காணி இலக்கம்... கூடவே, மற்றக் காணி இலக்கங்களை மறைத்த, எங்கள் பெட்டிசத்தின் பிரதி.

அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு அவர் யாரிடம் வந்தார் தெரியுமா? நேசனிடம்.

“உனக்கும் வந்ததுதானே, நீ எழுதின மாதிரி எனக்கும் ஒண்டு எழுதித் தா எண்டு கேட்டவ அத்தான். எனக்கு முன்னாலை, எங்கடை மேசையிலை, உங்கடை பெட்டிசத்தை விரிச்சு வைச்சிருக்கிறா. கௌரி தேத்தண்ணி குடுத்துப்போட்டு உள்ளை போய் அழுறாள். மறுமொழி ஒண்டு எழுதித் தாங்கோ.”

எழுதினேன். வேறு என்ன செய்ய? என் பெட்டிசத்துக்கு எதிராக நானே பெட்டிசம். “பெயர் குறிப்பிடத் துணிவில்லாத ஒருவரின் காழ்ப்புணர்ச்சி” என்று எழுதினேன். “உள்ளூர் நிலைமை அறியாமல் எங்கோ தொலைவில் இருந்து எழுதப்பட்டது போலத் தோன்றுகிறது” என்றும் எழுதினேன். என் முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு உண்மையான கடிதத்தை நான் எழுதியதில்லை. உரக்க வாசிக்கவில்லை.

கந்தோர் ஏற்றுக்கொண்டது. மதாமுக்கும் எச்சரிக்கையோடு முடிந்தது. அப்பாடா என்று நாங்கள் மூச்சு விட்டோம்.

நாங்கள் விட்டோம். அவர் விடவில்லை. அதன் பிறகு தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே அவர் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் போய் நிற்பாராம். நேசன் போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். இரண்டு முறை போனான். முதல் முறை அவர் பேரப்பிள்ளையோடு இருந்தார். இரண்டாம் முறை அவர் அவனுக்குச் சாப்பாடு போட்டார். போட்ட சாப்பாட்டைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தான். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அந்த மதாமின் தொலைபேசி இலக்கம் தெரியும். நான் எடுத்தேனா?

செப்டெம்பர் கடைசியில் பெரியவர் மதாமின் வீட்டுக்குப் போயிருக்கிறார். மரியாதையான மனிதர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாராம். உங்கள் காணி முழுவதையும் என்னிடம் விடுங்கள், கடதாசி எல்லாம் என் ஆள் பார்த்துக்கொள்வான், இனி ஒரு கடிதம் உங்கள் வாசலுக்கு வராது என்று சொல்லியிருக்கிறார்.

ஒக்டோபரில் மதாம் கையெழுத்து வைத்தார். ஒன்பது வருடம். பெரியவருக்கு.

நேசனைக் கூப்பிட்டுத் தானே சொன்னார். மஞ்சள் பிளம்ஸில் தானே செய்த ஜாம் ஒரு போத்தல் கொடுத்தார். அழுதாராம். அவர் சொன்னதை நேசன் எனக்குத் தமிழில் சொன்னான்:

“உன்னிலை எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ நல்ல பிள்ளை எண்டா அத்தான். ஆனால் இந்த ஊரிலை ஆரோ கடிதம் எழுதிறான். தனிச்சு இருக்கிற எனக்குப் பயமாய்க் கிடக்கு. அவனாலைதான் உன்னைப் போகச் சொல்லவேண்டிக் கிடக்கு எண்டு சொல்லுறா.”

“நீ என்ன சொன்னனீ?”

“மெர்சி எண்டனான்.”

இரண்டு கிழமைக்கு முன்பு நேசன் தோட்டத்துச் சாமான்களை எடுக்கப் போனான். கூடாரக் கம்பிகளைக் கழற்றி வானில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பெரியவரின் மெஷின் வந்தது. தெருவோரத்து வேலியை, அந்த நாற்பது மீற்றரையும், வேரோடு பிடுங்கிக் குவித்தது. வெட்டவில்லை, கவனியுங்கள், பிடுங்கியது. நேசன் சும்மா இருக்காமல் போய்க் கேட்டிருக்கிறான். ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்துக் காட்டினானாம். அனுமதி, முத்திரை, வேறொரு இடத்தில் அதே நீளத்துக்கு நடுவதாக உறுதிமொழி. மாதமும் சரியான மாதம், குஞ்சுகள் எல்லாம் பறந்துவிட்டன. ஒரு விதியும் மீறப்படவில்லை. இனி அடுத்த வசந்தத்தில் அந்த இடத்தில் யாரும் தவறான நாளில் வேலி வெட்டவும் முடியாது, ஏனென்றால் வேலி இல்லை. குருவிக்கு விலாசம் மாற்றிக் கடிதம் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நேசன் பாரிஸுக்குத் திரும்பிவிட்டான். பழைய குசினி, அதே முதலாளி. என்னோடு முன்போலத்தான் பேசுகிறான், “அத்தான் சாப்பிட்டியளோ” என்று கேட்கிறான். ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. சாந்தி சொல்கிறாள், நல்லாய்ச் சொல்கிறாள், தினமும் சொல்கிறாள். அது பரவாயில்லை.

வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதனுடைய ஒன்பது வருடத்தை ஒரு ஏழாவது இலக்கத்துக்காக நான் கொடுத்துவிட்டேன். பட்டியல் பார்க்க நிறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக. அநியாயம் இருந்தது, உண்மை. பெரியவரின் வேலியும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வேலியும் உண்மை. ஆனால் நான் எழுதிய நீதி புறப்பட்டுப் போனபோது, கையெட்டும் தூரத்தில், கார் நிறுத்த வசதியாக, பதில் சொல்லத் தெரியாமல் ஒரே ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

சட்டத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்துங்கள் என்று இனி யாருக்கும் எழுதமாட்டேன் — அமல்படுத்திவிடுவார்கள்.